ஜோடிச் சீட்டைப் பிரிக்கும்போது நேரும் தவறுகள்

21-ஐத் தாண்டாமல், டீலரைவிட (சூதாட்ட விடுதியின் சார்பில் சீட்டுப் போட்டு ஆடுபவர்) அதிகக் கூட்டுத்தொகை சேர்க்கும் சீட்டாட்டம் பிளாக்ஜாக். ஆறு கட்டுகளைக் கலந்து ஆடும் பிளாக்ஜாக் மேசையில் முதல் இரண்டு சீட்டுகளும் ஒரே எண்ணாக அமைவதற்கான நிகழ்தகவு 23/311, அதாவது சுமார் 7.4 விழுக்காடு. அரிதாக வருவதாலோ என்னவோ, ஜோடி வந்தவுடன் அதை அதிர்ஷ்டமாக எண்ணிப் பிரித்துவிடுபவர்கள் (அதே அளவு இன்னொரு பந்தயம் வைத்து இரண்டு தனிக் கைகளாக ஆடுபவர்கள்) பலர். டீலரின் திறந்த சீட்டைப் பார்க்காமல் தம் கையை மட்டுமே பார்ப்பதுதான் இதில் முதல் தவறு.

இரண்டு எட்டுகளை எடுத்துக்கொள்வோம். டீலரிடம் 10 தெரியும்போது, தோற்கப்போகும் கையில் எதற்கு இரட்டிப்புப் பணம் என்று பலர் பிரிக்கத் தயங்குகிறார்கள். ஆனால் 16 என்ற கூட்டுத்தொகைதான் இந்த ஆட்டத்தின் மிக மோசமான நிலை: இன்னொரு சீட்டு வாங்கினால் பதின்மூன்று மதிப்புகளில் 6 முதல் ராஜா வரையிலான எட்டும் (படச் சீட்டுகள் 10 ஆகவே எண்ணப்படும்) 21-ஐத் தாண்டச் செய்துவிடும். 100 பந்தயத்துக்குச் சீட்டு வாங்கினாலும் நிறுத்தினாலும் சராசரி இழப்பு ஏறக்குறைய 54 ஆக இருக்க, பிரித்தால், மேசையில் 200 இருந்தபோதும், அது 48 அளவில் நின்றுவிடுகிறது. இங்கே பிரிப்பது வெல்வதற்காக அல்ல, குறைவாகத் தோற்பதற்காக.

இதற்கு நேர்மாறான தவறு, பத்துகளைப் பிரிப்பது. டீலரிடம் 6 இருந்தால் அவர் 21-ஐத் தாண்டும் வாய்ப்பு 42 விழுக்காடு என்பது உண்மையே. ஆயினும் 20-ல் நிறுத்துபவருக்கு 100-க்குச் சராசரியாக 70 கிடைக்கும் நிலையைக் கலைத்து, எப்படி முடியும் என்று தெரியாத இரண்டு கைகளாக்குவதை என்னால் பேராசை என்றே சொல்ல முடிகிறது. ஐந்துகளையும் பிரிக்கக் கூடாது. கூட்டுத்தொகையான 10, டீலரிடம் 2 முதல் 9 வரை உள்ளபோது பந்தயத்தை இரட்டிப்பாக்க ஏற்ற தொகை.

ஒன்பதுகள்தான் பழகியவர்களையும் ஏமாற்றும். டீலரின் 2 முதல் 6 வரை, மேலும் 8, 9 ஆகியவற்றுக்கு எதிராகப் பிரிக்க வேண்டிய இந்த ஜோடியை 7-க்கு எதிராக மட்டும் இடையில் விட்டுவைப்பதற்குக் காரணம் உண்டு: 7 வைத்திருக்கும் டீலர் மற்ற எந்தத் தொகையையும்விட 17-ல் முடிக்கும் வாய்ப்பே அதிகம், நம் 18 அதை வெல்லும்.

ஏஸ்களை எப்போதும் பிரிக்கலாம். ஆனால் அதன்பின் 10 விழுந்தால் அது வெறும் 21 மட்டுமே, பிளாக்ஜாக்குக்குரிய (முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் 10-உம் அமைவதற்குரிய) 3:2 வெற்றித்தொகை கிடைக்காது.

இவை அனைத்தும், டீலர் தமக்குப் பிளாக்ஜாக் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடும் மேசைகளுக்கே பொருந்தும். டீலர் இரண்டாம் சீட்டைக் கடைசியில்தான் எடுப்பார் என்றால், அவருக்குப் பிளாக்ஜாக் அமையும்போது பிரித்த இரண்டு பந்தயங்களும் போய்விடும். அத்தகைய மேசையில் 10 அல்லது ஏஸுக்கு எதிராக அதே எட்டுகளைப் பிரிக்காமல் சீட்டு வாங்குவதே சரி.