குடி குறைந்ததா? நாள்காட்டி வைத்து அளக்கும் முறை

மதுப் பழக்க ஆலோசனைக்கு வந்தவரிடம் மூன்று மாதம் கழித்து, "இப்ப எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டால், "பரவாயில்லம்மா, குறைச்சுட்டேன்" என்பார். எவ்வளவு குறைந்தது, எந்தெந்த நாளில் குறையவில்லை என்பது அந்தப் பதிலில் இருக்காது. இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களும் ஒரு நாள்காட்டியை வைத்தே இதை ஒழுங்காக அளக்கலாம்.

படி 1: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' படிவத்தில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். யாருக்கு உதவி தேவை என்று கண்டறிய அது நல்ல கருவி. ஆனால் பல கேள்விகள் கடந்த ஓராண்டைப் பற்றியவை. மூன்று மாத மாற்றம் அவற்றில் சரியாகத் தெரியாது. அதனால் மாற்றத்தை அளக்க நாள்காட்டியை எடுங்கள்.

படி 2: கடந்த 30 நாட்களை நிரப்புங்கள்

எந்த நாளில் எவ்வளவு குடித்தார் என்று நாள்காட்டியில் நாள்வாரியாக எழுதுங்கள். இது லிண்டா சோபெல், மார்க் சோபெல் என்ற உளவியலாளர்கள் உருவாக்கிய முறை. முதல் அமர்விலேயே செய்துவிடுங்கள். பிறகு கேட்டால் பழைய நிலை கிடைக்காது. "மாசம் எவ்வளவு குடிப்பீங்க?" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். சம்பள நாள், கோயில் கொடை, சொந்தக்காரர் கல்யாணம், உடம்புக்கு முடியாமல் படுத்த நாள் ஆகியவற்றை முதலில் குறியுங்கள். "சம்பளம் வந்த அன்னிக்கு என்னண்ணே வாங்குனீங்க? யார் கூட?" என்று அங்கிருந்து முன்னும் பின்னும் நகருங்கள். நினைவு தானாக வரும். கண்டிக்கும் தொனி எட்டிப் பார்த்தால் மட்டும் எண்கள் உடனே சுருங்கிவிடும்.

படி 3: ஒரே அலகுக்கு மாற்றுங்கள்

10 கிராம் ஆல்கஹால் ஓர் அலகு. 180 மில்லி குவார்ட்டர் பிராந்தி ஏறக்குறைய 6 அலகு. 650 மில்லி பீர், 5 சதவீதம் என்றால் இரண்டரை. 8 சதவீதம் என்றால் 4. பாட்டிலில் உள்ள சதவீதத்தைக் கேட்காமல் "ரெண்டு பீர்" என்று எழுதினால் கணக்கே மாறிவிடும்.

படி 4: மனநிலையைத் தனியாகக் கேளுங்கள்

குறைப்பது எவ்வளவு முக்கியம், முடியும் என்ற நம்பிக்கை எவ்வளவு, இரண்டுக்கும் 0 முதல் 10 வரை எண் சொல்லச் சொல்லுங்கள். 4 என்றால், "0 சொல்லாம 4 சொன்னீங்களே, ஏன்ணே?" என்று கேளுங்கள், மாறுவதற்கான காரணத்தை அவரே சொல்வார். இந்த எண்ணைக் குடித்த அளவோடு கூட்டாதீர்கள். நம்பிக்கை உயர்ந்தும் குடி குறையாத மாதங்கள் உண்டு.

படி 5: மூன்று மாதம் கழித்து அதே கேள்விகள்

முடிந்தால் ஆலோசகர் அல்லாத ஒருவர் கேட்கட்டும். உங்கள் மனம் நோகக் கூடாதென்றே சிலர் குறைத்துச் சொல்வார்கள். உதாரணமாக, முன்பு 22 நாள், 132 அலகு. இப்போது 14 நாள், 56 அலகு என்று வைத்துக்கொள்வோம். குடித்த நாளுக்குச் சராசரி 6 அலகு 4 ஆகியிருக்கிறது. நாளும் அளவும் இரண்டுமே குறைந்திருப்பது தெரிகிறது.

இதை முழுக்க ஆலோசனையின் பலன் என்று எழுதிவிடாதீர்கள். நிலைமை மிக மோசமான மாதத்தில்தான் பலர் உதவி தேடி வருகிறார்கள். அதற்குப் பிறகு ஓரளவு தானாகவே தணியும். ஆலோசனைக்கு வருவதைப் பாதியில் விட்டவர்களையும் கணக்கில் காட்டுங்கள்.

தினமும் அதிகம் குடிப்பவர் என்று நாள்காட்டி காட்டினால், "உடனே நிறுத்துங்க" என்று சொல்லாமல் முதலில் மருத்துவரிடம் அனுப்புங்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்.