நண்பனுக்குப் பழைய ஆர்பிஜி கேம் வாங்கித் தருவது எப்படி?

செந்திலின் பிறந்தநாளுக்கு ஒருமுறை ஃபைனல் ஃபேன்டஸி 10 வாங்கிக் கொடுத்தேன். பிஎஸ்2-க்கான, அதாவது பிளேஸ்டேஷன் 2-க்கான அசல் டிஸ்க். கையேடு கிழியவில்லை, டிஸ்க்கில் கீறல் ஒன்றுகூட இல்லை. கேக் வெட்டிய கையோடு போட்டுப் பார்த்தோம். டிவி சிவப்பாகி, பிளேஸ்டேஷன் டிஸ்க்கைப் போடு என்றது. உள்ளே சுற்றிக்கொண்டிருந்ததே அதுதான். நான் வாங்கியது அமெரிக்கப் பதிப்பு, அவன் கேம் பெட்டி ஐரோப்பிய வகை. இரண்டுக்கும் ஆகாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. "பரவால்ல மச்சி, அட்டை நல்லா இருக்கு" என்று ஷோகேஸில் வைத்தான். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு நாலைந்து பேருக்குப் பழைய ஆர்பிஜி வாங்கிக் கொடுத்துவிட்டேன். இப்போது தப்பு குறைந்திருக்கிறது. கேம் பக்கமே போகாத ஆளாக இருந்தாலும், நண்பனுக்காக ஒன்று வாங்க வேண்டுமென்றால் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

ஆர்பிஜி என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. ஒரு கதாபாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது, ஆட்களிடம் பேசுவது, சண்டை போட்டு லெவல் ஏற்றுவது, கடைசியில் ஒரு பெரிய கதையை முடிப்பது. கார் ரேஸ் பத்து நிமிடம். இது 25 மணி நேரம், சிலது 60 மணி நேரத்துக்கும் மேல். ஒரே உட்காரலில் யாராலும் முடியாது. அதனால் விட்ட இடத்தைக் குறித்து வைக்க வேண்டும், அதாவது சேவ் செய்ய வேண்டும். சேவ் ஆகாத கார் ரேஸை ஒரு சாயங்காலம் ஆடித் தீர்க்கலாம். சேவ் ஆகாத ஆர்பிஜி வெறும் பிளாஸ்டிக். கீழே நான் சொல்வதில் பாதி இதைச் சுற்றித்தான்.

படி 1: கேமுக்கு முன் பெட்டியைப் பாருங்கள்

நண்பனிடம் எந்த கன்சோல், அதாவது கேம் ஆடும் பெட்டி, இருக்கிறது, அது இன்னும் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். "உன்கிட்ட பழைய பிஎஸ்2 ஒன்னு இருந்துச்சுல்ல, கீழ ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன்" என்று கேட்டால் சந்தேகம் வராது. வந்தாலும் என்ன பரிசு என்று தெரியப்போவதில்லை.

அந்த ஸ்டிக்கரில் எஸ்சிபிஹெச் (SCPH) என்று தொடங்கி ஐந்து இலக்க மாடல் எண் இருக்கும். கடைசி இலக்கம் 1 என்றால் அமெரிக்கா, 0 என்றால் ஜப்பான், 4 என்றால் ஐரோப்பா. டிஸ்க்கிலும் உறையின் முதுகிலும் நான்கு ஆங்கில எழுத்தோடு ஓர் எண் அச்சாகியிருக்கும். அதில் மூன்றாவது எழுத்தை மட்டும் பாருங்கள்: யு (U) என்றால் அமெரிக்கா, இ (E) என்றால் ஐரோப்பா, பி (P) என்றால் ஜப்பான். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். இந்தியாவில் முறைப்படி விற்ற பிஎஸ்2 ஐரோப்பிய டிஸ்க்கைத்தான் எடுக்கும். ஆனால் பர்மா பஜாரிலோ ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வாங்கிய பெட்டி எந்த நாட்டுக்காகச் செய்தது என்று ஸ்டிக்கரைப் பார்க்காமல் சொல்ல முடியாது. நாட்டுத் தடையை ஏமாற்ற உள்ளே தனியாகச் சிப் போட்ட பெட்டியாக இருந்தால் எந்த நாட்டு டிஸ்க்கும் பொதுவாக ஓடிவிடும். நம் ஊரில் அந்தக் காலத்தில் சிப் போடாத பிஎஸ்2-வைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். செந்திலுடையது அந்த அபூர்வங்களில் ஒன்று, என் நேரம்.

கையில் வைத்து ஆடும் கன்சோல் என்றால் நிம்மதி. கேம்பாய் அட்வான்ஸ், நின்டெண்டோ டிஎஸ், பிஎஸ்பி மூன்றிலும் எந்த நாட்டு கேமும் ஓடும். 3டிஎஸ் கேம்களுக்கு மட்டும் மறுபடி அதே நாட்டுப் பிரச்சினை. இன்னொன்று: டிஎஸ், டிஎஸ் லைட் இரண்டிலும் கீழ்ப்பக்கம் கேம்பாய் அட்வான்ஸ் கேசட் போடும் வாய் இருக்கும். அடுத்து வந்த டிஎஸ்ஐ-யில் அதை எடுத்துவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் டிஎஸ் லைட்டும் டிஎஸ்ஐ-யும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் இங்கே ஏமாறுபவர்கள் அதிகம்.

எந்த நாட்டு கேமும் ஓடும் என்பதற்காக ஜப்பானியப் பதிப்பை வாங்கிவிடாதீர்கள். விலை மலிவாகக் கண்ணைப் பறிக்கும். சண்டை கேமை மொழி தெரியாமல் ஆடலாம், ஆர்பிஜி முழுக்க வாசிப்பு. ஊர்க்கோடியில் நிற்கும் கிழவி சொல்லும் ஒரு வரி புரியாவிட்டால் மூன்று நாள் அதே ஊரைச் சுற்ற வேண்டியதுதான்.

படி 2: நண்பனுக்குப் பொறுமை எவ்வளவு?

உங்களுக்குப் பிடித்த கேமை இந்த இடத்தில் மறந்துவிடுங்கள். எனக்கு இதுதான் ரொம்ப நாள் வரவில்லை. அவனுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? கைக்குழந்தை இருக்கிற வீட்டில் 60 மணி நேர கேம் என்பது பரிசு இல்லை, கடன்.

பழைய ஆர்பிஜியில் சண்டை பெரும்பாலும் முறை வைத்து நடக்கும். நீங்கள் ஒரு அடி, அவர்கள் ஒரு அடி, சீட்டாட்டம் மாதிரி. நிதானமாக யோசிப்பவர்களுக்கு இது அமிர்தம். பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். அப்படிப்பட்டவர்களுக்கு 2002-ல் பிஎஸ்2-வில் வந்த கிங்டம் ஹார்ட்ஸ் போல, ஓடிக்கொண்டே வாள் வீசுகிற வகை சரி.

இன்னொரு தொல்லை, சொல்லாமல் வரும் சண்டை. புல்வெளியில் நாலடி நடப்பதற்குள் திரை சுழன்று சண்டை தொடங்கிவிடும். திரும்ப நாலடி, திரும்பச் சண்டை. 90-களின் ஆர்பிஜிகளில் இது சர்வசாதாரணம். நமக்குப் பழகிவிட்டது. முதல்முறை ஆடுபவர்கள் ஒரு மணி நேரத்தில் ரிமோட்டைத் தேடுவார்கள்.

படி 3: கேமைத் தேர்ந்தெடுங்கள்

முதல் ஆர்பிஜி என்றால் நான் யோசிக்காமல் கொடுப்பது க்ரோனோ ட்ரிக்கர். 1995-ல் சூப்பர் நின்டெண்டோ என்ற கன்சோலுக்கு வந்தது. ஃபைனல் ஃபேன்டஸியைத் தொடங்கிய ஹிரோனோபு சகாகுச்சி, டிராகன் குவெஸ்டைத் தொடங்கிய யூஜி ஹோரி, டிராகன் பால் வரைந்த அகிரா தோரியாமா மூவரும் சேர்ந்து செய்தது. கி.பி. 1000-ல் ஒரு திருவிழாவில் தொடங்கி, 600-க்குப் போய், அங்கிருந்து காலம் காலமாகத் தாவும். எதிரிகள் பெரும்பாலும் கண்ணெதிரே நிற்பார்கள், சொல்லாமல் பாய மாட்டார்கள். 25 மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். முடித்தபின், ஏற்றிய லெவலோடு மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். முடிவுகளே பத்துக்கு மேல் உண்டு. 2008-ல் வந்த டிஎஸ் பதிப்பை வாங்குங்கள். எந்த நாட்டு டிஎஸ்-ஸிலும் ஓடும், சேவுக்குப் பேட்டரியை நம்பியிருக்கத் தேவையில்லை. அந்தப் பேட்டரிக் கதை அடுத்த படியில்.

பெரிய டிவியில், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி வேண்டுமென்றால் பிஎஸ்2-வில் டிராகன் குவெஸ்ட் 8. அதே தோரியாமா ஓவியம், பச்சைப் பசேலென்ற மலைகள், ஆங்கிலப் பதிப்பில் குரலும் சேர்த்திருப்பார்கள். ஆனால் நீளம், சொல்லாமல் வரும் சண்டையும் உண்டு. விடுமுறையில் இருக்கும் ஆளுக்குக் கொடுங்கள்.

ஃபைனல் ஃபேன்டஸி என்றதும் எல்லோரும் கேட்பது, "ஒன்னுலேர்ந்து ஆடணுமா?" என்பது. வேண்டாம். ஒவ்வொரு எண்ணும் தனிக் கதை, தனி உலகம். 7, 9, 10 எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். விதிவிலக்கு 10-2. அது 10-ன் நேர் தொடர்ச்சி, முதலில் கொடுத்தால் பாதிச் சினிமாவில் உள்ளே நுழைந்த மாதிரி இருக்கும். 10-ல் இன்னொரு விஷயம்: ஐரோப்பியப் பதிப்பில் திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், ஆனால் அமெரிக்கப் பதிப்பில் இல்லாத கூடுதல் எதிரிகள் அதில் இருக்கிறார்கள். செந்திலுக்கு நான் அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும்.

கோல்டன் சன் அழகான கேம்பாய் அட்வான்ஸ் கேம். ஆனால் 2001-ல் வந்த முதல் பாகம் கதையின் நடுவில் நின்றுவிடும். மீதிக் கதை அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில். கொடுத்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் திட்டு வாங்குவீர்கள்.

படி 4: அசலா, சேவ் ஆகுமா?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

டிஸ்க் என்றால் எண்ணிப் பாருங்கள். பிஎஸ்1-ல் ஃபைனல் ஃபேன்டஸி 7-க்கு மூன்று டிஸ்க், 8-க்கும் 9-க்கும் நான்கு நான்கு. மூன்றாவது டிஸ்க் காணாமல் போனது முப்பது மணி நேரம் ஆடிய பிறகுதான் தெரியும். அசல் பிஎஸ்1 டிஸ்க்கின் அடிப்பக்கம் கறுப்பு. வெள்ளியாகப் பளபளத்தால் அது யாரோ எரித்த நகல்.

கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டில் போலி மலிந்து கிடக்கிறது, அதிலும் போக்கிமான் என்றால் கேட்கவே வேண்டாம். கேசட்டின் வாய்க்குள் பாருங்கள். தங்க நிறக் கம்பிகளுக்குச் சற்று மேலே பலகையில் நின்டெண்டோ என்று அச்சாகியிருக்க வேண்டும். முன் லேபிளில் இரண்டு எழுத்தோ எண்ணோ லேசாக அமுங்கிய அச்சு இருக்கும், சாய்த்துப் பிடித்தால் தெரியும். பின்னால் இருக்கும் திருகு சாதாரண ஸ்குரூடிரைவரில் திரும்பினால் சந்தேகப்படுங்கள், அசலில் மூன்று கால் திருகுதான். போலியும் ஆடும், அதுதான் வம்பு. சேவ் செய்யும்போதுதான் காலை வாரும்.

இனி பேட்டரி. பழைய கேசட் பலவற்றில் சேவ் அழியாமல் காப்பது உள்ளே இருக்கும் ஒரு பட்டன் செல். சூப்பர் நின்டெண்டோ கேசட்டில் சிஆர்2032, போக்கிமான் கோல்டு, சில்வரில் சிஆர்2025. அது தீர்ந்தால் சேவும் போச்சு. கைக்கடிகாரத்தில் மாற்றுவது போல மாற்ற முடியாது. பலகையோடு சால்டர் செய்திருப்பார்கள். செல்போன் பழுது பார்க்கிற நல்ல கை இருந்தால் பத்து நிமிட வேலை, ஆனால் கழற்றினால் ஏற்கெனவே இருக்கும் சேவ் அழிந்துவிடும். பரிசாகக் கொடுப்பதற்கு முன்பே புது செல் போட்டுவிடுவது உத்தமம். போக்கிமான் ரூபி, சஃபையர், எமரால்டு மூன்றும் வேறு ரகம். அவற்றில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று தொடக்கத்திலேயே செய்தி வரும், பயப்பட வேண்டாம். அந்த செல் கேமுக்குள் ஓடும் கடிகாரத்துக்கு மட்டும். அது நின்றால் கேமில் செடியில் பழம் வளராது, அலை ஏறி இறங்காது, சேவ் பத்திரமாக இருக்கும்.

சோதனை எளிது. கேமைப் போட்டு, முதல் சேவ் செய்யும் இடம் வரை ஆடி, சேவ் செய்து, அணைத்து, கேசட்டை வெளியே எடுத்து வையுங்கள். மறுநாள் போட்டுப் பாருங்கள். சேவ் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படி 5: விலை

விற்பவர் எழுதி வைத்திருக்கும் விலையைப் பார்க்காதீர்கள், அதே கேம் கடைசியாக என்ன விலைக்குக் கைமாறியது என்று பாருங்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாக வடிகட்டிக் காட்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேரும். விலை மயக்கம் போட வைத்தால் மறுபதிப்பைத் தேடுங்கள். 1999-ல் ஆங்கிலத்தில் வந்த சுய்கோடென் 2 என்ற ஆர்பிஜியின் பிஎஸ்1 டிஸ்க்கை வாங்க ஆஸ்தியை எழுதித்தர வேண்டும். 2025-ல் முதல் பாகத்தோடு சேர்த்து மெருகேற்றி விட்டார்கள்.

நண்பனிடம் பழைய பெட்டியே இல்லை என்றாலும் மறுபதிப்புதான் வழி. க்ரோனோ ட்ரிக்கர் போனிலும், கணினி கேம்களுக்கான ஆன்லைன் கடையான ஸ்டீமிலும் உண்டு. ஃபைனல் ஃபேன்டஸி 7-இன் பிஎஸ்4, ஸ்விட்ச் பதிப்பில் சொல்லாமல் வரும் சண்டையை நிறுத்தலாம், மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டலாம். வெளிநாட்டில் இருக்கும் நண்பனுக்கு ஸ்டீமில் அனுப்பினால் ஒன்று கவனம்: இரு நாட்டு விலைக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் பரிசு போகாது. 3டிஎஸ்-ஸின் ஆன்லைன் கடை 2023 மார்ச் 27-ல் மூடிவிட்டது, அதில் புதிதாக எதுவும் வாங்க முடியாது.

படி 6: கூடவே என்ன வைக்க வேண்டும்?

பிஎஸ்2 கேம் என்றால் மெமரி கார்டு. எல்லாப் பழைய வீட்டிலும் பெட்டி இருக்கும், கார்டு தொலைந்திருக்கும். 8 எம்பி கார்டு ஒன்று போதும். பிஎஸ்1 கேமை பிஎஸ்2-வில் ஆடலாம், ஆனால் சேவ் செய்ய பிஎஸ்1 கார்டுதான் வேண்டும். பிஎஸ்2 கார்டில் அது ஏறாது. இதைத் தெரியாமல் இரவு முழுக்க ஆடிவிட்டுப் பெட்டியை அணைக்க முடியாமல் ஆபீஸுக்குப் போன ஒருவனை எனக்குத் தெரியும்.

ஒரு துண்டுச் சீட்டும் எழுதி வையுங்கள். கதை எதுவும் வேண்டாம், எங்கே சேவ் செய்யலாம் என்பதும், முதல் ஊரில் என்ன வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் போதும்.

கடைசியாக, சோதனைக்காக நீங்கள் போட்ட சேவ்-ஐ அழித்துவிட்டுக் கொடுங்கள். கேசட்டில் முன்பு ஆடிய யாரோ ஒருவரின் சேவ் இருந்தால் அதை நான் தொடுவதில்லை. 90 மணி நேரம் ஆடி ஏற்றிய லெவலை அழிக்க எனக்குக் கை வராது, நண்பன் முடிவு செய்துகொள்ளட்டும். ஆனால் கதாநாயகனுக்குப் பெயர் வைக்கும் இடம் அவனுக்கானது.

செந்திலுக்கு மறு வருடம் டிஎஸ்-ஸில் க்ரோனோ ட்ரிக்கர் கொடுத்தேன். பெயருக்கு ஐந்து ஆங்கில எழுத்துதான் இடம். தன் பெயரை அடித்துப் பார்த்தான், 'செந்த்' என்று நின்றது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அழித்து, அவன் அப்பா பெயரை அடித்தான். முத்து. கச்சிதமாக ஐந்து எழுத்து.