லைன் வீட்டுல ட்யூப் ஆம்ப் வாசிக்கணுமா, மூணு ரெசிஸ்டர் வாங்குங்க

ட்யூப் ஆம்ப், அதாவது கண்ணாடி வால்வு போட்ட கிட்டார் ஆம்ப்ளிஃபையர் வெச்சிருக்கறவங்க எல்லாருக்கும் இதே ரோதனைதாங்க. 40 வாட்ஸ் ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ் மாதிரி ஒன்ன செகண்ட் ஹேண்டுல புடிச்சு திருப்பூர்ல ஒரு லைன் வீட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சீங்கன்னா, வால்யூம் ஒன்னுல ஒன்னுமே கேக்காது, ரெண்டுக்கு நகத்துனா பக்கத்து வீட்டு அக்கா செவுத்த தட்டும், நடுவுல வேற எடமே இல்ல. சோமனூர் பக்கம் தறி ஓடற வீட்டுக்கு பக்கத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் பகல்ல கவலை இல்லீங்க, கரண்ட் போனா தறியும் நிக்கும் ஆம்ப்பும் நிக்கும், கணக்கு சரியாப்போயிரும்.

இதுக்கு எல்லாரும் சொல்ற மொத யோசனை வாட்ஸ கொறைங்கறதுதான். அது வேலைக்காகாதுங்க. 40 வாட்ஸ 20 ஆக்குனா கொறையறது வெறும் 3 டெசிபெல், காதுக்கு பெருசா தெரியாது. சத்தம் பாதியாயிருச்சுன்னு நம்ம காது ஒத்துக்கணும்னா சுமார் 10 டெசிபெல் எறங்கணும், அதாவது பவர் பத்துல ஒரு பங்கு, 40 வாட்ஸ் 4 வாட்ஸாகணும். இன்னொன்னு, நல்ல கிட்டார் ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்ஸ்ல, ஒரு மீட்டர் தூரத்துல 100 டெசிபெல் கிட்ட குடுக்கும். அதனால 5 வாட்ஸ் ஆம்ப் வாங்கிட்டேன் இனி நிம்மதின்னு யாராச்சும் சொன்னா, ராத்திரி பத்து மணிக்கு அவரு வீட்டுக்கு போயி பாருங்க.

கைவெக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன சவுண்டு வேணும்னு முடிவு பண்ணிக்கங்க. க்ளீன் டோன் வேணும், ட்ரைவ் (சவுண்ட கரகரக்க வெக்கறது) எல்லாம் பெடல்ல பாத்துக்கறேன்னா ஒரு வழி. பவர் ட்யூப் (ஸ்பீக்கர தள்ளற கடைசி ட்யூப்) நல்லா தள்ளி வர்ற அந்த கரகரப்பு வேணும்னா அது வேற வழி. ரெண்டையும் கொழப்பிக்கறவங்கதான் காச வுடறாங்க.

க்ளீன் போதும்னா ஆம்ப்ப தொறக்கவே வேண்டாம். பின்னாடி ப்ரீஆம்ப் அவுட் (கிட்டார் சிக்னல மொதல்ல பெருக்கற பகுதியோட அவுட்புட்), பவர் ஆம்ப் இன்னுன்னு (ஸ்பீக்கர தள்ளற பகுதியோட இன்புட்) ரெண்டு சாக்கெட் இருக்குதா பாருங்க, ஹாட் ராட் டீலக்ஸ்ல இருக்கு. அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு வால்யூம் கன்ட்ரோல போட்டா அதுவே மொத்த சத்தத்தையும் ஏத்தி எறக்கற மாஸ்டர் வால்யூம் ஆயிருது. கடையில 100கே (100 கிலோஓம்) லாக் டைப் பாட் (வால்யூம் சுத்தற பொட்டென்ஷியோமீட்டர்) வேணும்னு கேளுங்க, வாய தொறந்து லாக்னு சொல்லலைன்னா லீனியர எடுத்து குடுத்துருவாங்க, அப்பறம் மறுபடியும் எல்லா சத்தமும் மொத கால் சுத்துலயே வந்து உக்காந்துக்கும். கூட ரெண்டு பி38 மோனோ சாக்கெட் (கிட்டார் கேபிள் சொருகற சைஸு), ஒரு சின்ன அலுமினிய டப்பா. ப்ரீஆம்ப் அவுட்ல இருந்து வர்ற சிக்னல் பாட்டோட ஒரு ஓரக் காலுக்கு, நடுக்கால் பவர் ஆம்ப் இன்னுக்கு, இன்னொரு ஓரக் கால் எர்த்துக்கு, ரெண்டு சாக்கெட்டோட எர்த்தும் அதோட சேரணும். சுத்துனா தலைகீழா வேலை செஞ்சா ரெண்டு ஓரக் காலையும் மாத்திக்கங்க. வயர் ஷீல்டு வயரா இருக்கணும், அவ்வளவுதான். இனி ஆம்ப் வால்யூம அஞ்சுல வெச்சுட்டு டப்பாவுல நெனச்ச அளவுக்கு எறக்கலாம்.

இப்ப ரெண்டாவது வழிக்கு வருவோம், எனக்கு புடிச்சது இதுதான். பவர் ட்யூப் கரகரப்பு வேணும்னா பவர் ட்யூப் முழுசா வேலை செய்யணும், அதுக்கு அப்பறம் ஸ்பீக்கருக்கு போற வழியில பவர எரிச்சு சூடாக்கி வெளிய விடணும். அட்டென்யுவேட்டர்னு விக்கறாங்களே, அது செய்யறது இதுதான். ரொம்ப ஆடம்பரம் இல்லாம வீட்டுலயே கட்டிக்கலாம்.

8 ஓம் ஸ்பீக்கருக்கு 8.2 ஓம், 50 வாட்ஸ் ரெசிஸ்டர் மூணு வாங்குங்க. தங்கக் கலர்ல அலுமினியம் பாடியோட, ஸ்க்ரூ போட ரெண்டு பக்கமும் ஓட்டையோட வரும், அந்த வயர்வுண்ட் (கம்பி சுத்துன) வகைதான். வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர் 10 வாட்ஸ் இருக்குது தரட்டுமாங்கன்னு கேப்பாங்க, வேண்டாமுங்க. ரெண்டு ரெசிஸ்டர பேரலலா சேத்தா 4.1 ஓம், அத ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல ப்ளஸ் லைன்ல சீரீஸா போடுங்க. மூணாவத ஸ்பீக்கரோட ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்க. ஸ்பீக்கரும் குறுக்க போட்டதும் சேந்து சுமார் 4 ஓம், முன்னாடி 4.1, ஆக மொத்தம் 8 ஓம் சில்லறை. ஆம்ப்புக்கு வழக்கமான ஸ்பீக்கர் மாட்டுன மாதிரியேதான் தெரியும், ஸ்பீக்கருக்கு கால் பங்கு பவர்தான் போகும். 40 வாட்ஸ் உள்ள வந்தா 10 வாட்ஸ் வெளிய, 6 டெசிபெல் கொறைவு. ரெசிஸ்டருக்கு ஆளுக்கு 10 வாட்ஸ் சூடு, முழுசா தொறந்து வாசிச்சா அது கிட்டத்தட்ட ரெட்டிப்பு வரைக்கும் போகும், அதுக்குத்தான் 50 வாட்ஸ் சொல்றது.

6 டெசிபெல் பத்தாது, பாதி சத்தம்கூட ஆகலைன்னு நீங்க கேக்கறது எனக்கு கேக்குது. இந்த மூணு ரெசிஸ்டரையும் போட்டு கட்டுன பொட்டியோட நல்ல குணமே என்னன்னா, அதுவே 8 ஓமா தெரியறதால இதே மாதிரி இன்னொன்னு கட்டி ஒன்னுக்கு பின்னாடி ஒன்னா மாட்டலாம். ரெண்டு பொட்டிக்கு 12 டெசிபெல், ஸ்பீக்கருக்கு 2.5 வாட்ஸ். மூணு பொட்டின்னா 0.6 வாட்ஸ் கிட்ட, ஆனா அங்க டோன் கொஞ்சம் போர்வைய போத்துன மாதிரி ஆயிரும், நான் ரெண்டோட நிறுத்திக்குவேன்.

அந்த 50 வாட்ஸ் ரேட்டிங் ஹீட்சிங்க்ல இறுக்குனாத்தான் செல்லும், இத விட்டுறாதீங்க. பழைய இரும்புக் கடையில செத்துப்போன ஸ்டீரியோ ஆம்ப் ஹீட்சிங்க் கெடச்சா அள்ளிக்கங்க, இல்லைன்னா குறிச்சி சிட்கோ பக்கம் ஏதாச்சும் ஒர்க்‌ஷாப்ல 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒரு துண்டு வெட்டிக் கேளுங்க. அடியில ஹீட்சிங்க் பேஸ்ட் தடவி போல்ட் போடணும், பொட்டியில காத்து போக ஓட்டை வேணும். உள்ள வயரிங்குக்கு வீட்டு வேலைக்கு போடற ஒன்றரை ஸ்கொயர் வயரே தாராளம். ஆம்ப்புல இருந்து பொட்டி, பொட்டியில இருந்து ஸ்பீக்கர், ரெண்டுக்கும் ஸ்பீக்கர் கேபிள்தான், கிட்டார் கேபிள் மாட்டிறாதீங்க, உள்ள இருக்கற மெல்லிசு வயரு அந்த கரண்ட தாங்காது.

ஆம்ப்புல சொருகறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வைங்க. ஸ்பீக்கர் மாட்டாம பொட்டியோட இன்புட்ல 12.3 ஓம் கிட்ட காட்டணும், ஸ்பீக்கர் மாட்டுனா ஏழரையில இருந்து எட்டுக்குள்ள. மீட்டர் ஒன்னுமே காட்டலைன்னாலோ ஜீரோ காட்டுனாலோ அப்படியே நிறுத்திருங்க. லோடு (ஸ்பீக்கர் மாதிரி ஏதாச்சும்) இல்லாம ட்யூப் ஆம்ப்ப ஓட்டறது தண்ணி இல்லாத போர்ல மோட்டார் ஓட்டற மாதிரி, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிரும், அதுக்கு நம்மூர்ல காயில் கட்டித் தர ஆளு இருந்தாலும் பழைய சவுண்டு வர்றது கஷ்டம். 16 ஓம் ஸ்பீக்கருன்னா 15 ஓம் மூணு, 4 ஓமுன்னா 3.9 மூணு. 100 வாட்ஸ் ஆம்ப்புக்கு 100 வாட்ஸ் ரெசிஸ்டரே போடுங்க.

மத்த ஐடியா எல்லாம் சுருக்கமா. மொத ப்ரீஆம்ப் ட்யூப் 12ஏஎக்ஸ்7 எடுத்துட்டு 12ஏஒய்7 போட்டா கெயின் பாதிக்கும் கீழ வரும், வால்யூம் நாப் சுத்த எடம் கெடைக்கும், மத்தபடி ராத்திரிக்கு உதவாது. நாலு பவர் ட்யூப் இருக்கற 100 வாட்ஸ் ஆம்ப்புல ரெண்ட புடுங்கலாம், இம்பிடன்ஸ் சுவிட்ச (எத்தன ஓம் ஸ்பீக்கர்னு தேர்ந்தெடுக்கற சுவிட்ச) பாதிக்கு வெக்கணும், 8 ஓம் ஸ்பீக்கருக்கு 4ல, ஆனா கெடைக்கறது அதே 3 டெசிபெல்தான். ஃபேஸ் இன்வர்ட்டருக்கு (பவர் ட்யூபுக்கு சிக்னல ரெண்டா பிரிச்சு குடுக்கற பகுதி) அப்பறம் மாஸ்டர் வால்யூம் போடறது நல்ல மாடிஃபிகேஷன், ஆனா அது ஆம்ப்புக்கு உள்ள. ப்ளக்க புடுங்குன பொறவும் கெப்பாசிட்டர்ல 400 வோல்ட்டுக்கு மேல நிக்கும், ஆள கொல்லும். ட்யூப் ரேடியோ காலத்துல இருந்து சால்டரிங் புடிக்கற பெரியவரு யாராச்சும் இருந்தா அவருகிட்ட குடுங்க, பாட்டோட வைப்பர் (நடுக்கால்) விட்டுப்போனாலும் பயாஸ் (பவர் ட்யூபுக்கு வேண்டிய நிலை வோல்டேஜ்) போகாம இருக்க 2.2 மெகாஓம் ரெசிஸ்டர் ரெண்டு கண்டிப்பா போடுங்கய்யான்னு சொல்லிருங்க.

பொட்டி மாட்டி மொத தடவ வாசிக்கறப்ப சவுண்டு மெலிஞ்சுபோச்சேன்னு தோணும். பாதி குத்தம் காது மேலதான், சத்தம் கொறைஞ்சா நமக்கு பேஸும் ட்ரெபிளும் கம்மியா கேக்கும்னு 1933லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேரு அளந்து போட்டுட்டாங்க. பேஸ ரெண்டு புள்ளி ஏத்துங்க, ட்ரெபிள ஒன்னு, மிடில தொடாதீங்க. ஆம்ப்ப தரையில இருந்து தூக்கி ஸ்டூல் மேல வெச்சு செவுத்துல இருந்து தள்ளி வைங்க, பக்கத்து வீட்டுக்கு போறது பெரும்பாலும் தரை வழியா போற பேஸுதான்.

பொட்டிய மாட்டறதும் கழட்டறதும் பவர் ஆஃப் பண்ணிட்டுதான், ஸ்டாண்ட்பை போதும்பாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். வாசிச்சு முடிச்ச ஒடனே ஹீட்சிங்க்க கையில புடிக்காதீங்க, குட்டிப் பசங்க இருக்கற வீடுன்னா பொட்டிய எட்டாத எடத்துல வைங்க. ஃபுல்லா தொறந்து வாசிக்கறதால பவர் ட்யூப் சீக்கிரம் தேயும், அதுக்கு ஒரு செட் காசு ஒதுக்கி வெச்சுக்கங்க.