அவரிஷஸ் வேறு, ஆம்பிஷஸ் வேறு

திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஒரு தம்பி துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு எழுதிய மெயிலில் தன் முதலாளியை 'அவரிஷஸ்' (avaricious) என்று புகழ்ந்திருந்தார். நல்லவேளை, அனுப்பும் முன் காட்டினார். அவர் மனதில் இருந்தது ஆம்பிஷஸ் (ambitious), அதாவது முன்னேறத் துடிப்பவர். எழுதியதோ பணத்தாசை பிடித்தவர். இரண்டும் ஒரே ஓசையில் முடிவதால் வந்த வினை.

அவரிஷஸ் என்பது பணம், சொத்து மேல் உள்ள வெறிக்குத்தான். தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகையில் (இடியாப்பம் மாதிரி) நாலாவது தட்டு கேட்கும் பொடியனுக்கு, பொதுவாகப் பேராசையைச் சொல்லும் கிரீடி (greedy) போதும்.

அவரிஷஸைக் கஞ்சத்தனத்தோடும் குழப்புகிறார்கள். எச்சில் கையால் காக்காய் ஓட்டாத அப்பிச்சி (அம்மாவின் அப்பா) மைசர்லி (miserly), அதாவது கஞ்சர். அடுத்தவர் காசுக்கு அவர் ஆசைப்படுவதில்லை, தன் காசு கரையக் கூடாது, அவ்வளவுதான். மீட்டர் வட்டிக்கு விட்டு, பெரிய காரில் வந்து, மேலும் மேலும் சேர்ப்பவர்தான் அவரிஷஸ். அவர் தாராளமாகச் செலவும் செய்வார்.

2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்ததை வகுப்பில் எடுத்துக்கொள்வேன். மாதாமாதம் பணம் தருகிறோம் என்று ஆசை காட்டி வசூலித்துவிட்டுக் கைவிரித்தவர்களுக்கு ரப்பேஷஸ் (rapacious) பொருந்தும். பிறரிடம் பிடுங்கும் பேராசை அது. சரி, நகையை அடகு வைத்துப் பணம் போட்ட விவசாயி? மாணவர்கள் சட்டென்று அவரிஷஸ் என்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. அந்தச் சொல் ஆளின் குணத்தையே பழிக்கிறது. மழையை நம்பிப் பிழைப்பவர் மாத வருமானத்துக்கு ஒருமுறை சபலப்பட்டதற்கு அது ரொம்பவே அதிகம்.

அப்புறம், நம் 'அவா'தான் ஆங்கிலத்துக்குப் போய் அவரிஷஸ் ஆனது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அந்தச் சொல் லத்தீன் வழி வந்தது. நினைவில் வைக்க அந்த ஒற்றுமை உதவும், வேர் என்று வாதாட உதவாது. உச்சரிக்கும்போது அழுத்தம் 'ரி'யில் விழ வேண்டும். 'அவரிசியஸ்' என்று எழுத்துக்கூட்டிப் படிக்கக் கூடாது.

அந்தத் தம்பி கடைசியில் இரண்டு சொல்லையும் தூக்கிவிட்டு, முதலாளி 'ஹார்ட் ஒர்க்கிங்' என்று எழுதி அனுப்பினார்.