டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கனடாவின் யூக்கான் பகுதியில், டாசன் நகரத்துக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் பிரிந்து வடக்கே இனுவிக் என்ற ஊர் வரை போகிறது டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. 1979இல் திறந்தார்கள். மொத்தம் 736 கிலோமீட்டர். இரு முனைகளிலும் கொஞ்சம் தார், மற்றதெல்லாம் சரளைக் கல். 'ஒரே நாளில் போய்விடலாம்' என்று கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் அந்த அவசரத்தில் பிறப்பவைதான்.

சாலையின் பெயரிலேயே ஒரு அவசரத்தின் கதை இருக்கிறது. 1910 டிசம்பரில் போலீஸ் அதிகாரி ஃபிட்ஸ்ஜெரால்டும் மூன்று பேரும் ஃபோர்ட் மெக்பெர்சனிலிருந்து டாசனுக்கு நாய் வண்டிகளில் கிளம்பினார்கள். சீக்கிரம் போய்ச் சேர உணவுச் சுமையைக் குறைத்துக்கொண்டார்கள். வழி தெரிந்த க்விச்சின் பழங்குடி மனிதரைப் பாதியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழிகாட்ட அவர்கள் நம்பிய கார்ட்டர், அந்த மூவரில் ஒருவர்; அந்தப் பாதையில் ஒரே முறை, அதுவும் எதிர்த்திசையில் வந்தவர். வழி தவறி நால்வரும் இறந்துபோனார்கள். 1911 மார்ச்சில் உடல்களைத் தேடிக் கண்டுபிடித்த போலீஸ்காரர்தான் டெம்ப்ஸ்டர்.

இன்றைக்கு வழி தவறாது. ஆனால் டயர் கிழியும். சாலைக்கு அடியில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலம். வெயில் சூட்டில் அது இளகிவிடாமல் இருக்க, ஒரு ஆள் உயரத்துக்குச் சரளையைக் கொட்டி அதன்மேல் சாலை போட்டிருக்கிறார்கள். மேலே கிடக்கும் கற்கள் கூர்மையானவை. டிக்கியில் இருக்கும் ஒல்லியான ஸ்டெப்னி போதாது. முழு அளவில் இரண்டு வேண்டும், மாற்றவும் தெரிந்திருக்க வேண்டும். எதிரே லாரி வந்தால் வேகத்தை நன்றாகக் குறையுங்கள், கண்ணாடி தப்பும். படம் எடுக்க ஓரத்தில் இறக்கி நிறுத்தாதீர்கள். மேட்டின் விளிம்பு மெத்தென்று இருக்கும், வண்டி சரிந்துவிடும்.

பெட்ரோலை டாசனிலேயே முழுக்க நிரப்புங்கள். சாலை பிரியும் இடத்திலிருந்து 369ஆவது கிலோமீட்டரில், தங்கும் விடுதியும் பங்க்கும் உள்ள ஈகிள் ப்ளெயின்ஸ் வரும்வரை வேறு பங்க்கை நம்ப முடியாது. வழியில் பெரும்பாலும் செல்போன் சிக்னலும் இல்லை. செயற்கைக்கோள் கருவி ஒன்று கையில் இருக்கட்டும். வாடகைக் கார் என்றால் சரளைச் சாலையில் ஓட்ட அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

அப்புறம், ஆறுகள். பீல், மெக்கன்சி இரண்டிலும் பாலம் கிடையாது. கோடையில் வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகு, குளிர்காலத்தில் பனிக்கட்டி மேலேயே பாதை. ஆறு உறையும்போதும் உடையும்போதும் சில வாரங்கள் இரண்டுமே இல்லை. கோடையிலும் வெள்ளம் வந்தால் படகு நிற்கும். அதனால் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள்வரை திட்டம் போட்டு நிரப்பாதீர்கள்.

ஜூனில் அங்கே இருட்டாது. 'இன்னும் கொஞ்சம் போகலாமே' என்று நள்ளிரவிலும் தோன்றும். அப்போது ஈகிள் ப்ளெயின்ஸில் நிறுத்தித் தூங்குங்கள். ஆர்க்டிக் வட்டம் அங்கிருந்து 36 கிலோமீட்டர்தான்; காலையில் போய்ப் பார்க்கலாம்.