மண்பட்டி போடும் முன் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்

மண் சிகிச்சைக்கு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, 'எந்த மண் நல்லது?' என்றுதான். நான் முதலில் பார்ப்பது அவர்களுடைய பாதத்தை. தொட்டால் சில்லென்று இருக்கிறதா, அன்றைக்கு மண் தொட்டிப் பக்கமே போக மாட்டேன். முதலில் வெந்நீரில் கால் வைக்கச் சொல்வேன். இயற்கை மருத்துவ நிலையத்தில் சிகிச்சை உதவியாளராக வருடக்கணக்காக மண்ணும் தண்ணீரும் அள்ளுகிறவள் என்ற முறையில், மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் மறக்காதீர்கள்: சூடாக இருக்கும் உடம்பில்தான் குளிர்ச்சி வைக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. வயிற்றில் குளிர்ந்த மண்ணை வைத்ததும் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும். கொஞ்ச நேரம் கழித்து அவை மறுபடி விரிந்து, அந்த இடம் இதமாகச் சூடேற வேண்டும். உடம்பில் சூடு இருந்தால் இது தானாக நடக்கும். இல்லாவிட்டால் நடுக்கம்தான் மிச்சம். மண்ணின் வேலை அந்தக் குளிர்ச்சியை நிதானமாக, விடாமல் கொடுப்பது. நனைத்த துணி சீக்கிரமே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். ஈர மண் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும். 'மண் உடம்பிலுள்ள நச்சை உறிஞ்சிவிடும்' என்று சிலர் சொல்வார்கள். நான் யாரிடமும் அப்படிச் சொல்வதில்லை. என் கைக்குத் தெரிவது சூடும் ஈரமும்தான்.

சரி, மண். மேல்மண் வேண்டாம். இரண்டு மூன்று அடி தோண்டி, அதற்குக் கீழே இருப்பதை எடுக்க வேண்டும். உரமோ பூச்சிமருந்தோ போட்ட நிலம், சாக்கடை ஓரம், ஆலைக் கழிவு போகும் இடம், ஆடு மாடு கட்டும் இடம் எதுவும் ஆகாது. களிமண் நல்லது, கரையான் புற்று மண்ணும் நல்லது. மணல் கலந்த மண் ஈரத்தைப் பிடிக்காது. எடுத்த மண்ணை நல்ல வெயிலில் காயவைத்து, இடித்து, கல்லும் வேரும் போகச் சலித்து மூடிவையுங்கள். சுத்திகரித்து விற்கும் களிமண் பொடி கிடைத்தால் வீட்டுக்கு அதுவே போதும்.

வெயிலில் காயவைத்தால் மண் சுத்தமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணில் இருக்கும். வெயில் அவற்றைக் கொல்லாது, சாதாரணமாகக் கொதிக்க வைப்பதற்கும் அவை தாக்குப்பிடிக்கும். அதனால் புண், கீறல், வெடிப்பு, தீக்காயம், புதிதாகத் தையல் போட்ட இடம் எதன் மேலும் மண் படக் கூடாது. தீக்காயத்துக்கு ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மண்ணில் கைவைக்கிற எங்களைப் போன்றவர்கள் டெட்டனஸ் தடுப்பூசியைத் தவணை தவறாமல் போட்டுக்கொள்வது உத்தமம்.

முதல் நாள் இரவே மண்ணில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிடுங்கள். காலையில் மரக் கரண்டியால் கிளறினால் கட்டி எல்லாம் கரைந்திருக்கும். பதம் பார்ப்பது இப்படி: ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தால் நீர்த்துவிட்டது, இன்னும் கொஞ்சம் பொடி போடுங்கள். பிடித்த பிடி விரிசல் விட்டால் தண்ணீர் போதாது. பலகையில் பரப்பி, ஒரு விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் அப்படியே நிற்க வேண்டும். அதுதான் பதம். கோடு மெல்ல மூடிக்கொண்டால், வயிற்றில் வைத்த ஐந்தாவது நிமிடம் இடுப்போரமாக வழிந்து படுக்கையை நனைக்கும். அப்புறம் படுத்திருப்பவர் மண்ணைத் திட்டுவார், உங்களைத் திட்டுவார்.

வயிற்றுப் பட்டிக்கு மெல்லிய, பழைய பருத்தித் துணி போதும். அதன் நடுவில் சுமார் 25 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், இரண்டரை செ.மீ. கனத்துக்கு மண்ணைப் பரப்பி, துணியின் நான்கு ஓரங்களையும் மடித்து மூடுங்கள். மடிப்பு மேல்பக்கம் இருக்கட்டும். ஒற்றைத் துணி உள்ள பக்கம் தோலில் பட வேண்டும். தொப்புளுக்குக் கீழே, அடிவயிற்றில் வையுங்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். குளிர்காலமானால் பட்டியின் மேல் கம்பளி போர்த்துங்கள், காலுக்கும் போர்த்துங்கள். 20 நிமிடத்திலிருந்து 30 நிமிடம். எடுத்ததும் ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துண்டால் தோல் லேசாகச் சிவக்கும்வரை தேய்த்து, கொஞ்சம் நடக்கச் சொல்வோம். இந்தத் தேய்த்தலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாதிப் பலன் அதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது மலச்சிக்கலுக்கு இதைத்தான் செய்துபார்த்தார். ஜெர்மனியின் இயற்கை மருத்துவர் அடோல்ஃப் ஜஸ்ட் சொன்ன முறை அது. காந்தி இரவு படுக்கும்போது கட்டிக்கொள்வார். நாங்கள் அவ்வளவு நேரம் விடுவதில்லை. மண் காய ஆரம்பித்தால் தோலை இழுக்கும், அரிக்கும்.

கண்ணுக்குப் போடும் பட்டி மெலிதாக, ஒரு செ.மீ. கனம் இருந்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டு, துணிக்குள் மண் வெளியே கசியாதபடி மடித்து, நெற்றியோடு சேர்த்து வையுங்கள். நாள் முழுக்கத் திரையைப் பார்த்து எரியும் கண்ணுக்குச் சுகமாக இருக்கும். கண் சிவந்து சீழ் வந்தால் மண்பட்டி வேண்டாம், கண் மருத்துவர்தான். முழங்கால் தேய்மான வலிக்குச் சூடான மண் நல்லது. வலி ஓரளவு குறைவதாக ஆய்வுகளும் சொல்கின்றன. தேய்ந்த குருத்தெலும்பு அதனால் திரும்ப வளராது. மண் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கி, உங்கள் முன்கையில் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்தவர் காலில் வைக்க வேண்டும்.

தண்ணீர்ச் சிகிச்சையில் வீட்டுக்கு ஏற்றது பாதக் குளியல். கணுக்காலுக்கு மேல், கெண்டைக்கால் வரை முங்குகிற வாளி. தண்ணீர் 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு இதமாகத் தெரிவது காலுக்குச் சுடலாம். உட்காரும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, தலையில் குளிர்ந்த ஈரத் துணி போட்டுக்கொள்ளுங்கள். 10 முதல் 15 நிமிடம். நடுவில் வெந்நீர் சேர்க்க வேண்டுமானால் காலை வெளியே எடுத்துவிட்டு ஊற்றிக் கலக்குங்கள். கால் உள்ளே இருக்கும்போதே கெட்டிலைச் சாய்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கடைசியில் ஒரு குவளை குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, விரலிடுக்கு வரை துடைத்துவிடுங்கள். தூக்கம் வராதவர்கள் படுக்கப் போகும் முன் இதைச் செய்யலாம். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களும் காலில் ரத்தக் குழாய் அடைப்பு உள்ளவர்களும் செய்யவே கூடாது. சூடு தெரியாமலே வெந்துபோகும்.

இடுப்புக் குளியல் ஜெர்மனியின் லைப்சிக் நகர இயற்கை மருத்துவர் லூயிஸ் கூனேயால் பெயர் பெற்றது. சாய்ந்து உட்காரும் தொட்டியில் தொப்புள் வரை தண்ணீர். காலும் மேலுடம்பும் நனையக் கூடாது. காலை உயரமான ஸ்டூலில் வைத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். முரட்டுத் துணியால் வயிற்றை மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சும்மா உட்கார்ந்தால் குளிர் எலும்புக்குள் போகும். நிலையங்களில் 10 முதல் 18 டிகிரித் தண்ணீரில் உட்கார வைப்பார்கள். நீங்கள் 32, 33 டிகிரியில் ஆரம்பித்து, பத்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். நடுங்க ஆரம்பித்தால் உடனே எழுந்துவிடுங்கள், கணக்கு முடியவில்லை என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஈரத்துணிப் பட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ் என்ற விவசாயி இதைப் பிரபலமாக்கினார். வயிற்றைச் சுற்றி வரும் அளவுக்குப் பருத்தித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டும் சொட்டாதபடி முறுக்கிப் பிழியுங்கள். வயிற்றில் சுற்றி, அதன் மேல் உலர்ந்த கம்பளித் துணியை, ஈரத்துணி எங்கும் வெளியே தெரியாமல் இறுக்கமாகச் சுற்றுங்கள். முதல் நிமிடம் 'ஐயோ' என்று இருக்கும். பத்து நிமிடத்தில் உள்ளே கதகதப்பு வரும். ஒரு மணி நேரம் வைத்திருக்கலாம். கால் மணி நேரம் ஆகியும் சில்லென்றே இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். துணி சரியாகப் பிழியப்படவில்லை, அல்லது கம்பளியில் எங்கோ இடைவெளி இருக்கிறது, அல்லது பாதத்தைத் தொட்டுப் பார்க்காமல் ஆரம்பித்திருக்கிறீர்கள்.

கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், குளிர் பட்டால் தோல் தடிக்கிறவர்கள், குளிரில் விரல் வெளுத்துப் போகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம். மாதவிடாய் நாட்களில் குளிர்ந்த இடுப்புக் குளியல் நாங்கள் கொடுப்பதில்லை. திடீரென்று வரும் கடுமையான வயிற்றுவலிக்கு மண்பட்டி போட்டுக் காத்திருக்காதீர்கள். குடல்வால் அழற்சியாக இருக்கலாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கைக்குழந்தையின் காய்ச்சல் என்றால் நேராக ஆஸ்பத்திரி. சாப்பிடும் மாத்திரையை, மண்பட்டி சுகமாக இருக்கிறது என்பதற்காக, நீங்களாக நிறுத்தவும் கூடாது.

ஒருவருக்குப் போட்ட மண்ணை அடுத்தவருக்குப் போடக் கூடாது, துணியையும் வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்த பிறகே எடுக்க வேண்டும். மண் துணியைக் குளியலறைக் குழாயடியில் அலசாதீர்கள். வாளியில் அலசி, மண் அடியில் தங்கும்வரை விட்டு, தெளிந்த தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு, அடிமண்ணைச் செடிகளுக்குப் போடுங்கள். களிமண் அடைத்த குழாயைத் திறக்க எந்தச் சிகிச்சையும் உதவாது, பிளம்பர்தான் வர வேண்டும்.