டர்பன் குளிரில் மிளகாய் நாற்றுக்கு எத்தனை மணி நேர வெளிச்சம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், குளிர்காலமான ஜூனில், பகல் ஏறத்தாழ 10 மணி நேரந்தான். வீட்டுக்குள் வளரும் மிளகாய், தக்காளி நாற்றுக்கு அது போதாது. முளைக்கும்வரை வெளிச்சத்தைவிடச் சூடுதான் முக்கியம்: 25 முதல் 28 டிகிரி. பச்சை தலைகாட்டிய அன்றே வெள்ளை எல்இடி விளக்கை 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் கட்டி, காலை 5 முதல் இரவு 9 வரை எரிய விடுங்கள்.

தண்டு நூல்போல் நீண்டால் நேரத்தைக் கூட்டாதீர்கள், விளக்கை இறக்குங்கள். இலை வெளுத்துச் சுருண்டால் உயர்த்துங்கள். விடிய விடிய எரித்தால் தக்காளி இலை மஞ்சளித்துப்போகும், அதற்கு இருட்டும் வேண்டும்.

விளக்கை நேரத்துக்கு ஏற்றி அணைக்க, வட்டு சுழலும் மலிவு டைமரை நம்பாதீர்கள். 2 மணி நேரம் கரண்ட் போனால் அதுவும் நின்று, அட்டவணை 2 மணி நேரம் பின்தங்கும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் வட்டைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.